பலெர்மோவில் இமயமலை விற்ற காலம்

சுற்றுலா ஏஜென்சியில் வேலை செய்கிறவள் வருஷம் முழுக்க ஊராரின் விடுமுறைக்காக ஓடித் திரிந்துவிட்டு, தன் விடுமுறைக்கு வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பாள். தொண்ணூறுகளில் நான் அப்படித்தான் இருந்தேன். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில், பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள், இரண்டு மேசையும் ஒரு கோப்பி மெஷினும் உள்ள சின்ன ஏஜென்சி. அங்கே நான் விற்றது இமயமலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று, எந்தக் கேள்விக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. என் பங்கை மட்டும் சொல்கிறேன்.

பெருவிரல் தூரம்

நான் கோண்டாவில்காரி. யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. உயரமாக ஏதாவது பார்க்க ஆசை வந்தால் பனையைப் பார்க்கலாம், கோயில் கோபுரத்தைப் பார்க்கலாம், அதுவும் அலுத்தால் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கலாம். பலெர்மோவுக்கு வந்த புதிதில் லிபெர்த்தாத் தெருவில் வீடு துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. அந்த வீட்டுச் சின்யோராதான், தன் தங்கை என்சாவின் ஏஜென்சியையும் காலையில் கூட்டித் துடைத்துவிடச் சொல்லி என்னை அனுப்பினார்.

ஒருநாள் நான் நிலம் துடைத்துக்கொண்டு நிற்க, புதுமணத் தம்பதி ஒன்று வந்து, இமயமலைக்குப் போகவேண்டும் என்றது. சின்யோரா என்சா அதுவரை விற்றதெல்லாம் பாரிஸும் லூர்து மாதாவும் எகிப்தும். ஆனாலும் அவர் பதறவில்லை. வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து, அந்தக் கையாலேயே என்னைக் காட்டி, "இவ அங்கத்தை ஆள், இவவைக் கேளுங்கோ," என்றார். நான் ஈரத் துணியோடு நிமிர்ந்து, "சின்யோரா, நான் ஸ்ரீலங்கா. அது தீவு. மலை இருக்கிறது மற்றத் தொங்கலிலை," என்றேன். அவர் எழும்பிச் சுவரிலிருந்த உலகப் படத்தடிக்குப் போனார். இலங்கையில் பெருவிரலின் அடியை ஊன்றினார். நகம் போய் இமயமலையில் முட்டியது.

"பார், ஒரு பெருவிரல் தூரம். இதுக்குப் போய் ஏன் சண்டை பிடிக்கிறாய்?"

போய்ப் பார்த்தவர்கள்

அந்தத் தம்பதிக்கு நான் என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. ஆனால் அவர்கள் மணாலிக்குப் போய், பனியில் உருண்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்து தங்கள் சொந்தக்காரரையும் அனுப்பி வைத்தார்கள். அதோடு என் கையிலிருந்த வாளி போய்ப் புத்தகங்கள் வந்தன. அப்போது எனக்குத் தெரிந்தது வீட்டுவேலை இத்தாலியன். யன்னல், வாளி, கட்டில் விரிப்பு எல்லாம் வாயில் வரும், பனிப்பாறை வராது. மதியம் கடை பூட்டியிருக்கும் நேரத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே படித்தேன். சிம்லா, டார்ஜிலிங், லே, பொக்காரா. எந்த மாதத்தில் எந்தக் கணவாயைப் பனி மூடும், எந்த மாதத்தில் காட்டுப் பூ பூக்கும், எங்கே நின்றால் சூரியன் எந்தச் சிகரத்தில் முதலில் படும் என்றெல்லாம் பாடமாக்கினேன். வாடிக்கையாளர்கள் என்னைச் சின்யோரா இமாலயா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். வீட்டில் என் கணவர், இவரும் பகிடிக்கு அப்படியே கூப்பிட்டார்.

பயந்துகொண்டிருந்த கேள்வி ஒருநாள் வந்தது. கட்டடக் கலைஞர் ஒருவர் நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இதிலை எந்த இடத்துக்கு நீங்கள் போயிருக்கிறியள்?" என்றார். நான் "ஒண்டுக்கும்..." என்று வாயெடுக்க, பின் மேசையிலிருந்து என்சாவின் குரல் வந்தது. இந்த என்சா வாழ்நாளில் ஒரு விமானத்திலும் ஏறாதவர். நாப்போலியில் இருக்கும் மகளைப் பார்க்கக்கூடக் கப்பலில்தான் போவார்.

"ஏன் சின்யோர், உங்கடை பாதிரியார் மோட்சத்துக்குப் போய் வந்தோ பிரசங்கம் வைக்கிறார்?"

சும்மா நிற்கிற மலை

கத்தானியாக்காரர் ஒருவர் மனைவியின் கரைச்சல் தாங்காமல் வந்திருந்தார். எட்னா எரிமலையின் அடியில் இருக்கும் ஊர் அது, கத்தானியாக்காரருக்கு எட்னா சொந்தத் தம்பி மாதிரி. நான் கஞ்சன்சங்கா படத்தை எடுத்து முன்னால் வைத்தேன். "எட்னா புகைக்கும், உறுமும், கோவம் வந்தால் நெருப்புக் கக்கும். இது என்ன செய்யும்?" என்று கேட்டார். "ஒண்டும் செய்யாது சின்யோர். சும்மா நிக்கும்," என்றேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சும்மா நிக்கிறதைப் பாக்க உவ்வளவு தூரம் போகவேணுமே? எங்கடை வீட்டிலை மருமகன் நிக்கிறான்."

பாஸ்தா வேகாத ஊர்

ஆணியும் பூட்டும் விற்கும் கடை வைத்திருந்த மூன்று சகோதரர்கள், கலியாணம் முடித்துப் பேரப்பிள்ளை கண்ட வயதில், மனைவிமாரை விட்டுவிட்டு லடாக் போகவேண்டும் என்று நின்றார்கள். லே மிகவும் உயரம், மூச்சு முட்டும், போய் இறங்கிய நாள் முழுக்கப் படுத்திருக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார்கள். ஆனால் அவர்களுடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அங்கே பாஸ்தா கிடைக்குமா? கிடைக்காது என்றதும் ஒரு பெட்டி முழுக்க பாஸ்தாவும், தக்காளிச் சோஸ் போத்தல்களும், கோப்பி போடுகிற கேத்தலும் கட்டிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்த அன்று மூன்று பேரும் வரிசையாக வந்து இருந்தார்கள். முகம் வெயிலில் வெந்து உரிந்திருந்தது. மடாலயங்களைப் பற்றி நன்றாகச் சொன்னார்கள். பாறையெல்லாம் ஊதாவும் மஞ்சளுமாக இருந்ததாம், வானம் கறுப்பு என்று சொல்லுமளவுக்கு நீலமாம். பிறகு சின்னவர் பெருமூச்சு விட்டார். ஹோட்டல் சமையலறையைக் கேட்டு வாங்கிப் பாஸ்தா அவித்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் கொதிக்குமே தவிர, போதிய சூடு ஏறாது. வெளியே களி, உள்ளே குச்சி. சமையல்காரப் பெடியன் பாவப்பட்டு, பிரஷர் குக்கரில் போடச் சொல்லியிருக்கிறான். பாஸ்தாவைக் குக்கரில் போடுவதா என்று மூத்தவர் கண் கலங்கிவிட்டாராம். மிச்சப் பாஸ்தாவை எனக்கே தந்துவிட்டு எழும்பினார்கள். வாசலில் நின்று மூத்தவர் சொன்னார்:

"மலையிலை பிழையில்லை, சின்யோரா. ஆனால் பாஸ்தா வேகாத இடத்திலை கடவுள் எப்பிடிச் சீவிக்கிறார்?"

வியாழக்கிழமைக்காரர்

சின்யோர் கஸ்பாரே தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊரின் மறுபக்கத்து ஒரேத்தோவிலிருந்து இரண்டு பஸ் மாறி, வியாழக்கிழமை தவறாமல் வருவார். கோட்டும் தொப்பியும் மடிப்புக் கலையாமல் இருக்கும். இமயமலை இடமொன்றைப் பற்றி ஆறுதலாக எல்லாம் கேட்பார்: போகிற வழி, தங்குகிற இடத்தின் யன்னலால் என்ன தெரியும், காலையில் குடிக்க என்ன தருவார்கள். படங்கள் உள்ள விளம்பரப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு, தொப்பியைத் தொட்டு மரியாதை சொல்லிப் போவார். ஒரு ரிக்கற்றும் எடுத்ததில்லை. மாதக்கணக்காக இப்படி நடந்ததும் என்சாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் கிழமை நீ கேக்கிறியோ, நான் கேக்கட்டோ?" என்றார். என்சா கேட்டால் தெருவுக்கே கேட்கும். ஆகவே நானே கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. மனைவி லூச்சியா படுக்கையில் விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது என்றார். இளவயதில் ஒரு பத்திரிகையில் இமயமலைப் படம் பார்த்த நாளிலிருந்து லூச்சியாவுக்கு அந்த ஆசை. பிள்ளைகள் இல்லை. அவர் வியாழக்கிழமை புத்தகங்களைக் கொண்டுபோய், மிச்சக் கிழமை முழுக்க வாசித்துக் காட்டுவார். லூச்சியா கண்ணை மூடிக்கொண்டு, தான் காண்பதைக் கஸ்பாரேக்குத் திருப்பிச் சொல்லுவார். அப்படியே இரண்டு பேருமாகப் போய் வருவார்களாம். பின்னால் என்சா மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது. கஸ்பாரே போன கிழமை கொண்டுபோன லடாக் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"இது அவளுக்கு உயரம் கூடிப்போச்சு, மூச்சு வாங்கினது. இந்தமுறை கொஞ்சம் பதிவான இடமாய்ப் பாத்துத் தாங்கோ."

டார்ஜிலிங் ரயில்

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஒரேத்தோவுக்குப் போனேன். என்சாதான் அனுப்பினார், கையில் ஒரு பெட்டி கேக்கும் தந்து. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. லூச்சியா தலையணையில் சாய்ந்து, எனக்காக உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு காத்திருந்தார். ஒரு குருவியளவு ஆள். கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். டார்ஜிலிங் போகிற சின்ன ரயிலைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

நான் சொன்னேன். கீழே வெக்கையில் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால், வீட்டு வாசல்களையும் கடைகளையும் உரசிக்கொண்டு ரயில் ஏறுவதைச் சொன்னேன். ஏற முடியாத இடத்தில் கொஞ்சம் பின்னால் போய் மூச்செடுத்து மறுபடி ஏறுவதையும், கூம் என்ற ஊரில் முகில் பெட்டிக்குள்ளேயே வந்து இருப்பதையும் சொன்னேன். பாடமாக்கினதுதான், ஆனால் அந்தக் கட்டிலடியில் சொன்னபோது எனக்கே ரயில் ஆடுவது போலிருந்தது. கஸ்பாரே கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். முடிந்ததும் லூச்சியா கண்ணைத் திறந்து, நான் அந்த ரயிலில் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கேட்டார். என்சாவின் பதில் நாவில் வந்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. ஒருமுறையும் போனதில்லை என்றேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கஸ்பாரே தண்ணீரோடு ஓடிவந்தார்.

"நல்லதாய்ப் போச்சு! அப்ப நாங்கள் ரெண்டுபேரும் முதல் தரம்தான் போறம்."

வரிசை

தங்கியிருக்கத் தருகிற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போகும் நாளில் நான் கடுதாசிகளை மூன்று தரம் எண்ணிப் பார்ப்பேன். விடிய முதலே வரிசை. எங்கள் ஆட்கள் பாதி, மற்ற ஊரார் பாதி. அந்த முறை என் முறை வந்தபோது, கவுண்டரிலிருந்த அலுவலர் என் வேலை என்ன என்று பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி, "இமயமலைக்கோ அனுப்புறியள்?" என்றார். கலியாண வெள்ளி விழாவுக்கு எங்காவது கூட்டிக்கொண்டு போகாவிட்டால் மனைவி தன்னோடு கதைக்க மாட்டாளாம். கண்ணாடித் துவாரத்துக்குள்ளால் அவருக்கு நேபாளம் சொன்னேன். ஏரியைச் சொன்னேன், மலையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அங்கே இறங்கியதும் வரிசையில் நின்று விசா குத்தவேண்டும் என்று சொன்னேன். முத்திரை குத்துகிற கை அந்தரத்தில் நின்றது.

"மெய்யே? நாங்களுமோ வரிசையிலை நிக்கவேணும்?"

மலையின் சொந்தக்காரி

லூச்சியா அந்த மாரியில் போய்விட்டார். கஸ்பாரே பல வியாழக்கிழமைகள் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, நேபாளத்துப் பொக்காராவுக்குப் போகிற குழுவில் தனக்கு ஒரு இடம் இருக்குமா என்று கேட்டார். அதே குழுவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியவர் புறப்படச் சில நாள் இருக்கக் காலை முறித்துக்கொண்டார். என்சா என்னைப் பார்த்தார். "பாப்பரசர் வந்து கேட்டாலும் நான் ஏறமாட்டன். நீ போ," என்றார். இந்தியா விசா அப்போது எங்களைப் போன்றவர்களுக்கு லேசில் கிடைக்காது. நேபாளமென்றால் போய் இறங்கி எடுக்கலாம். வீட்டில் இவர் ஒரு பக்கம் சந்தோஷப்பட்டார், மறுபக்கம், "போன இடத்திலை பாஸ்போட்டைப் பாத்திட்டு ஏதும் வில்லங்கம் வந்தால்? திரும்பி இஞ்சை விடுவாங்களோ?" என்று முணுமுணுத்தார். புறப்பட முதல் ஞாயிறு என்னைக் கூட்டிக்கொண்டு மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். நான் அதுவரை ஏறிய மலை அது ஒன்றுதான்.

இவர் பயந்தது காத்மாண்டு விமான நிலையத்தில் நடந்தது. இத்தாலியப் பாஸ்போட்டுகள் எல்லாம் சட்சட்டென்று குத்துப்பட்டன. என்னுடையதை மட்டும் அலுவலர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இத்தாலியரைக் கூட்டிக்கொண்டு வந்த ஸ்ரீலங்காக்காரி யார் என்று கேட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அப்பால் போய்விட்ட என் குழு அப்படியே திரும்பி வந்து, கவுண்டருக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டது. பல்லாரோச் சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் பிப்போதான் தலைவர். அவருடைய மனைவி மிம்மா, மருந்துக்கடைச் சகோதரிகள், தொப்பியோடு கஸ்பாரே, எல்லோரும் சம்மணம் கொட்டி இருந்தார்கள். பிப்போ சிசிலியனில் முழங்கினார். அலுவலருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்காகப் பேசியதை இங்கிலிஷில் மொழிபெயர்க்கவேண்டியவளும் நான்தான். வெட்கத்தை விட்டு அப்படியே சொன்னேன். அலுவலர் வாய்விட்டுச் சிரித்து, குத்திக் கையில் தந்தார். அவரைச் சிரிக்கவைத்தது இதுதான்:

"இவவை விடாட்டி நாங்களும் வரேல்லையெண்டு சொல்லு. மலை இவவின்ரை. நாங்கள் சும்மா பாக்க வந்த ஆக்கள்."

முகில்

பொக்காராவில் மலை இல்லை. ஏரி இருந்தது, மழை இருந்தது, மலை இருக்கவேண்டிய பக்கம் முழுக்கச் சாம்பல் நிற முகில் இருந்தது. போய் இறங்கிய நாளிலிருந்து அப்படியே. என் ஆட்கள் ஹோட்டலுக்குள் சீட்டு விளையாடினார்கள், யன்னலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மிம்மா ஒரு போஸ்ட்காட்டை வாங்கி வந்து, முகிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். நான் தினமும் விடியற்காலையில் மொட்டைமாடிக்கு ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்கினேன். இத்தனை வருஷம் வாயால் கட்டிய மலை, ஒருவேளை வாயில் மட்டும்தான் இருக்கிறதோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

வெளிக்கிடவேண்டிய நாள் காலை, மழை விட்டிருந்தது. மாடிக்குப் போய், வழக்கமாகப் பார்க்கிற இடத்தில், குன்றுகளுக்குச் சற்று மேலே தேடினேன். ஒன்றுமில்லை. அலுத்துப்போய்க் கழுத்தை நிமிர்த்தினேன். அங்கே இருந்தது. நான் வானம் என்று விட்டுவைத்த இடத்தில், முகிலுக்கும் மேலே, மீன்வால் மாதிரிச் சிகரம் ஒன்று, வெயில் பட்டு ரோசாவாக. படியால் விழுந்தடித்து ஓடிக் கதவுகளைத் தட்டினேன். எல்லோரும் போர்வையோடு ஏறி வந்தார்கள். சிசிலியாக்காரர் ஒரு கூட்டமாக நின்று கதைக்காமல் இருந்ததை அன்றுதான் முதல் தரம் பார்த்தேன். கடைசியில் பிப்போதான், "இவ்வளவு பெரிசை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனியள்?" என்று என்னிடம் கேட்டார். நான் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கஸ்பாரே கொஞ்சம் தள்ளி, தொப்பியைக் கையில் பிடித்தபடி தனியாக நின்றார். நெடுநேரம் பார்த்தார். நான் பக்கத்தில் போனதும், மெல்லச் சொன்னார்:

"அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் சின்னனாய்த்தான் இருக்கு."

என்சா கேட்டது

பலெர்மோவின் புன்தா ராய்சி விமான நிலையத்துக்கு இவர் வந்திருந்தார். பாஸ்போட்டையும் பெர்மெஸ்ஸோவையும் பார்த்துவிட்டு என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டார்கள். இவர் அதற்குப் பிறகுதான் ஒழுங்காக மூச்சுவிட்டார். அடுத்த நாள் குழு முழுக்கப் படங்களோடு ஏஜென்சிக்கு வந்து இறங்கியது. வழியில் நின்ற கடையொன்றின் கக்கூசைப் பற்றி மிம்மா நடித்தே காட்டினாள். மருந்துக்கடைச் சகோதரிகள் தாங்கள் கண்டது அதைவிட மோசம் என்று சண்டைக்கு வந்தார்கள். சந்தைபோல இருந்தது கடை.

எல்லோரும் போன பிறகு என்சா கதவை மூடிவிட்டு, எனக்குக் கோப்பி போட்டுத் தந்து, முன்னால் வந்து இருந்தார். "இப்ப எனக்கு மட்டும் சொல்லு. மெய்யாய் எப்பிடி இருக்கும்?" என்றார். புத்தகத்தில் இல்லாததைச் சொன்னேன். கழுத்து நிமிர்ந்ததைச் சொன்னேன், ரோசா நிறம் வெள்ளையாக மாறியதைச் சொன்னேன். என்சாவின் விரலிடுக்கில் சிகரெட் சாம்பலாகி நீண்டுகொண்டே போனது. திடீரென்று கையை உயர்த்தி என்னை மறித்தார்.

"காணும், நிப்பாட்டு. மிச்சத்தை வாற ஆக்களுக்குச் சொல்லு, எனக்குச் சொன்னால் நான் பிளேன் ஏறிப்போடுவன்."

மலை விற்றுச் சீவித்த காலத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: மலையில் பிழை பிடித்து ஒருவரும் வந்ததில்லை, கக்கூசில் பிழை பிடிக்காமல் ஒருவரும் வந்ததில்லை.